வேலாயுதம் தந்த சோழர் வாள்

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய வேலாயுதத்துக்குத் தெரியாத சரித்திரம் கிடையாது. எல்லாம் மதராஸ் வார இதழ்களின் தொடர்கதைகளில் படித்தது. கப்பலிலிருந்து புத்தகக் கட்டு இறங்கியதும் சிராங்கூன் சாலைக் கடையில் முதல் ஆளாக நிற்பார். இளவரசன் குதிரையிலிருந்து விழும் இடத்தில் ‘தொடரும்’ என்று போட்டுவிட்டால், அடுத்த கப்பல் வரும்வரை அவருக்குச் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டாம்ஃபோர்டு சாலை அருங்காட்சியகத்துக்குப் போவார். அங்கே தொங்கிய திமிங்கில எலும்புக்கூட்டை நிமிர்ந்து பார்த்து, “சோழன் கப்பல்ல மோதிச் செத்ததா இருக்கும்” என்பார்.

அவர் மனைவி பூவம்மா அந்த இடத்தைச் செத்த காலேஜ் என்றுதான் சொல்வாள். “உசிரோட இருக்கிற சொந்தக்காரங்களைப் பாக்க நேரமில்ல. செத்ததைப் பாக்க வாராவாரம் இஸ்திரி போட்ட வேட்டி!”

1961இல் ஒரு நாள் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் துருப்பிடித்த வாள் ஒன்று அவர் கண்ணில் பட்டது. கைப்பிடியில் ஏதோ விலங்கின் தலை. விற்ற சீனர் அதை நாய் என்றார். வேலாயுதம் புலி என்றார். புலி என்றால் சோழன். சோழன் என்றால் கடாரம். கடாரத்துக்குப் போன படை இந்தப் பக்கமாகத்தானே போயிருக்கும்? நோரிஸ் ரோட்டு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்த வாளை ஏந்திய தளபதிக்கு ஒரு காதலியும் கிடைத்துவிட்டாள்.

வாளை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் வாள் இருக்க வேண்டும். அதோடு தன் பெயரும் இருக்க வேண்டும். அவர் வாழ்க்கையில் இவ்வளவு பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டதில்லை. துறைமுகத்தில் எல்லாரிடமும் சொல்லியும்விட்டார்.

கோயில் குழல்விளக்கில்கூட, வெளிச்சம் பாதி மறைந்தாலும் பரவாயில்லை என்று உபயதாரர் பெயரை எழுதுகிறவர்கள் நாம். ஆயிரம் ஆண்டு வாளைச் சும்மா கொடுக்க முடியுமா? பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் ஒலி முகம்மதிடம் எடுத்துப் போனார்.

ஒலி முகம்மது வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கல்யாணச் சீருக்கா?”

“சரித்திரத்துக்கு! ‘உபயம் வேலாயுதம், நோரிஸ் ரோடு’ன்னு போடுங்க பாய். ஆழமா வெட்டுங்க. இன்னும் ஆயிரம் வருஷம் நிக்கணும்.”

“குடத்துக்கே நான் பத்து வருஷந்தான் சொல்றது. பாப்போம் லா.”

பெயர் வெட்டிய வாளை அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து இரண்டு வாரம் கழித்து, அங்கே உதவியாளராக இருந்த பரமசிவம் அவரை அழைத்து உட்கார வைத்தார்.

“இது நாடகக் கம்பெனி வாளுங்க. முப்பது வருஷம் இருந்தா அதிகம்.”

வேலாயுதம் நாற்காலி நுனிக்கு வந்தார். “அப்ப அந்தப் புலி?”

“நாய்ங்க.”

பரமசிவமே தொடர்ந்தார்: “ஆனா எங்க பெரியவருக்கு அந்த எழுத்து ரொம்பப் பிடிச்சுப்போச்சு. உளியால பொட்டுப் பொட்டா வெட்டியிருக்கில்ல? எதை வாங்கினாலும் பேர் வெட்டுறது நம்ம ஆளுங்க வழக்கம்னு சொன்னேன். அதுக்கு ஒரு உதாரணமா இதை வைக்கலாம்னு சொல்றாரு. ‘பாத்திரத்தில் பெயர் வெட்டும் கலை. வெட்டியவர் ஒலி முகம்மது’ன்னு இங்கிலீஷ்ல அட்டை எழுதிடுவோம்.”

“என் பேரு?”

“அதான் வாள்லயே இருக்கே!”

திரும்ப வாங்கிக்கொண்டு போனால் துறைமுகத்தில் முகம் காட்ட முடியாது. அட்டை ஆங்கிலத்தில்தானே, நம் ஆட்களில் யார் படிக்கப் போகிறார்கள் என்று எண்ணி, வேலாயுதம் பரமசிவம் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

வாளை வைத்த முதல் ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்து ஆட்கள் எட்டுப் பேர் வந்தார்கள். சரக்குக் கணக்கு எழுதும் அப்துல் மஜீதும் வருவார் என்று வேலாயுதம் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியும். வேலாயுதம் அட்டையை முதுகால் மறைத்துக்கொண்டு, படை புறப்பட்டது முதல் தளபதி காதலியைப் பிரிந்தது வரை அரை மணி நேரம் சொன்னார். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

“தள்ளு வேலா, அட்டையில என்ன போட்டிருக்குன்னு பாப்போம்” என்றார் மஜீது.

“அது ஒண்ணுமில்ல பாய். சும்மா நம்பரு.”

“இப்பிடியே நின்னா உன்னையும் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிருவாங்க. நகருப்பா.”

நகர வேண்டியதாயிற்று. மஜீது குனிந்து அட்டையைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். வேலாயுதத்தின் முகத்தைப் பார்த்தார். அது அட்டையைவிட வெளுத்திருந்தது. மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

மஜீது கனைத்துக்கொண்டு உரக்கச் சொன்னார்: “சோழர் காலத்து வாள். தந்தவர் வேலாயுதம்.”

எல்லாரும் கைதட்டினார்கள். வேலாயுதத்துக்கு மூச்சு வந்தது. ஆனால் சற்று நேரத்தில் அவர் நெற்றி சுருங்கியது.

“பதினோராம் நூற்றாண்டுன்னு போடலையா? நல்லாப் பாருங்க பாய்.”