பூமுடி அல்ல, மொட்டை

அம்மனை நம்புகிற உங்களிடம் மட்டும் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இது வெறும் மயிர் விவகாரம்.

1988 ஐப்பசியில் என் மகள் கீதாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. வயது ஆறு. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். கணவருக்கு ஃபாக்டரியில் ஓவர்டைம். பதினொரு நாளில் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். குழந்தை பிழைத்துக் கண் திறந்தாள். ஆனால் வலது கை துவண்டு கிடந்தது. அது திரும்புமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். "தாயே, அவள் கையைக் கொடு. என் தலைமுடி முழுவதையும் உனக்குத் தருகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். என் தலை என்னுடையது என்று நினைத்துச் சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

தை மாதம் கீதா அந்தக் கையால் இட்லியைப் பிய்த்துத் தின்றாள். அம்மன் கேட்டதைக் கொடுத்துவிட்டாள்.

நேர்த்திக்கடன் செலுத்தக் கோயிலுக்குப் போனோம். முடியிறக்குகிறவர் கத்தியை எடுத்ததும் கணவர் தடுத்தார்.

"மொட்டையெல்லாம் வோணாம். நான் உயிரோட கீறேன். பூமுடி போதும்."

அவர் ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகை ஊர்க்காரர். அவர்கள் வீட்டில் சுமங்கலிகள் மொட்டை போடுவதில்லை. நுனியில் மூன்று விரல் அளவு கத்தரித்துக் கொடுப்பார்கள். அதுதான் பூமுடி. கத்தரித்தார்கள். மீதிப் பின்னலோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுவாரம் கீதாவின் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. எல்லாக் குழந்தைகளும் போடுவதுதான். ஆனாலும் கொடுத்த கையை அம்மன் திரும்ப எடுத்துக்கொள்கிறாளோ என்று தனியாகக் கோயிலுக்கு ஓடினேன். முடியிறக்குகிறவர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஊட்டுக்காரர இட்டுகினு வாம்மா. நாளைக்கு அவரு என்னாண்ட சண்டைக்கு வருவாரு."

வீட்டுக்கு வந்து கணவரின் ஷேவிங் செட்டை எடுத்தேன். பின்னலை அடியோடு கத்தரித்தேன். சோப்பு நுரை போட்டு முன்நெற்றியிலிருந்து இழுத்தேன். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை ரேசரில் முடி அடைத்துக்கொண்டது. கழற்றிக் கழுவி மறுபடி மாட்டினேன். மூன்று பிளேடு ஆனது. காதுக்குப் பின்னால் வெட்டி ரத்தம் வந்தது. பின்மண்டை கண்ணாடியில் தெரியவில்லை. கீதா வலது கையால் தடவிப் பார்த்தாள்.

"இங்க இன்னும் சொரசொரன்னு கீதும்மா."

அவள் விரல் காட்டின இடமெல்லாம் மழித்தேன். கடைசியில், "இப்ப வழவழன்னு கீது" என்றாள்.

சந்தனம் பூசி, முடியை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு கோயிலுக்குப் புறப்பட்டேன். எதிர்வீட்டு சரோஜா பார்த்துவிட்டு, "ஐயோ, உங்க ஊட்டுக்காரருக்கு இன்னா ஆச்சு?" என்று அலறினாள். நான் பதில் சொல்வதற்குள் ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். இரண்டு பேர் அழவே ஆரம்பித்துவிட்டார்கள். என் நெற்றியில் குங்குமம் இருந்ததை ஒருத்தியும் பார்க்கவில்லை. ஃபாக்டரி சங்கு ஊதி, ஷிப்ட் முடிந்து, தனக்காக அழுகிற கூட்டத்தின் நடுவில் அவரே சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இன்னாடி கோலம் இது? நான் செத்தா பூட்டேன்?"

"கொழந்தை சாவக் கெடந்தப்போ இதுல ஒருத்தரும் வரல. நீங்களும் ரெண்டு வாட்டிதான் எட்டிப் பாத்தீங்க" என்றேன்.

அப்படியே நடந்துபோய் முடியை அம்மன் காலடியில் வைத்தேன்.

ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. முடி வளர்ந்துவிட்டது. கசப்பு போகவில்லை, சாட்சி சொல்லும்போது பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து எதற்கும் கையைக் கட்டிக்கொண்டு உத்தரவுக்கு நிற்பதில்லை. கீதா இந்த வருஷம் பத்தாவது பரீட்சை எழுதினாள், வலது கையால்தான். தாயே, உனக்குக் கோடி நமஸ்காரம்.

கஷ்டத்தில் இருக்கிற சகோதரிகளே, அவளிடம் கேளுங்கள். கொடுப்பாள். சொன்னதைச் செய்யும் நாளில் யாரும் துணைக்கு வராவிட்டால் கலங்காதீர்கள். ரேசரை நீங்களே எடுங்கள். பின்மண்டைக்கு அவள் ஒரு கையை அனுப்புவாள்.