கொண்டைக்குள் கூலா மலாக்கா

என் அம்மாவை நான் கொல்லப் பார்த்தது எனக்கு எட்டு வயதில். அதுவும் நல்லெண்ணத்தோடு.

மலாக்காவில், நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் இருந்தோம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டிலிருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகிறவர்கள் ஒரு பருக்கை சோறுகூட வேலிக்கு வெளியே கொண்டுபோகத் தடை. கேட்டில் போலீஸ்காரர்கள் தடவிப் பார்ப்பார்கள். பிடிபட்டால் ஜெயில்தான்.

அம்மாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. தினமும் விடியலில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஊசி போடுவார். அதன்பின் அளந்த சோறு, சீனியில்லாத காப்பி. சீனி அம்மாவுக்கு விஷம் என்று சொல்லி, அவளைக் கண்காணிக்கும் வேலையை அப்பா என்னிடம் ஒப்படைத்திருந்தார். அந்த உத்தியோகத்தை நான் மகா கெடுபிடியோடு பார்த்தேன். ஒரு கல்யாணப் பந்தியில் அம்மா கையிலிருந்த லட்டைப் பிடுங்கி நானே தின்றிருக்கிறேன்.

ஊசி போட்ட உடம்பு ஒன்பது மணிக்கு மறுபடி பசியாறியாக வேண்டும்; இல்லாவிட்டால் மயக்கம் வந்துவிடும். வேலி போடுவதற்கு முன்பு, பால்மரம் வெட்டப் போகும் அம்மா தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய் மரத்தடியில் சாப்பிடுவாள். வேலி வந்ததும் அது நின்றுபோனது. கை நடுங்கி வேர்த்தால் வாயில் போட்டுக்கொள்ள ஏதாவது இனிப்பு வைத்துக்கொள்ளும்படி டிரஸ்ஸர் இரகசியமாகச் சொன்னாராம். அம்மாவும் ஒரு துண்டு கூலா மலாக்கா வெல்லத்தைத் துணியில் சுற்றிக் கொண்டைக்குள் மறைத்துப் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளை எங்கேயாவது உளறிவிடும் என்று என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் அம்மா முகம் கழுவப் போனபோது, சவுரிக்குப் பக்கத்தில் அந்தப் பொட்டலம் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. இப்படித் திருட்டுத்தனமாக விஷம் தின்கிறாளே! வெல்லத்தை நான் தின்றுவிட்டு, அதே அளவில் மரத்தில் வழிந்து உறைந்த ரப்பரான ஓர் ஒட்டுப்பால் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தேன். அம்மா அதைக் கவனிக்காமல் கொண்டைக்குள் செருகிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

பத்து மணிக்குப் பால் லோரியில் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். கண் பாதி செருகியிருந்தது. உடம்பெல்லாம் வேர்வை. பல்லுக்கிடையில் அந்த ரப்பர். வெல்லமென்று நினைத்துக் கடித்திருக்கிறாள்.

டிரஸ்ஸர் ரப்பரை எடுத்துப் போட்டுவிட்டுச் சீனித் தண்ணீரைக் கரண்டியால் புகட்டினார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

"வேணாம் ஐயா, அது அம்மாவுக்கு விஷம்."

"விடு பாப்பா. இது உள்ள போனாத்தான் உங்கம்மா பொழைப்பாங்க."

என் கண்ணெதிரே, அந்த விஷத்தைக் குடித்துக் குடித்தே அம்மா மெல்லக் கண் விழித்தாள். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. லோரியோடு வந்த மலாய்ப் போலீஸ்காரர் அந்த ரப்பர் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நானே விளக்கிவிடலாமென்று முன்னால் போனேன்.

"அம்மா கொண்டையில வெல்லம் ஒளிச்சு வச்சிருந்தாங்க. நான்தான் எடுத்துத் தின்னுட்டேன்."

எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாத அம்மா, எட்டி என் வாயை இறுகப் பொத்தினாள்.

பிள்ளை என்ன சொல்கிறது என்று போலீஸ்காரர் மலாயில் கேட்டார். பிள்ளைக்குப் பசிக்கிறதாம் என்று டிரஸ்ஸர் மலாயிலேயே சொன்னார். சொன்னவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

எனக்குப் பசியே இல்லை. இவ்வளவு பெரிய மனிதர் போலீஸ்காரரிடமே பொய் சொல்கிறாரே என்றுதான் அன்று முழுவதும் திகைத்துப்போயிருந்தேன்.