மிதந்த உருண்டைகள்

சின்னவள் ஒரு முறை முறைத்தால் செத்த செல்லும் எழுந்து உட்காரும். சரி, அதில் முக்கால்வாசி அளப்பு. புற்றுநோய் ஆய்வகத்தில் தட்டுகளில் செல் வளர்ப்பது அவள் வேலை என்பது மட்டும் நிஜம்.

அன்று தட்டில் இருந்தவை அவளுடைய அக்காவின் நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்தவை. மருந்து ஊற்றியதும் எல்லாம் செத்து மிதந்தன. மிதப்பதை உறிஞ்சிக் கொட்டுவது அந்த வேலையில் ஊறிய பழக்கம். கொட்டப் போனவள் சட்டென்று நின்றாள். செத்தவை சிதைந்து கிடக்க, சில மட்டும் உருண்டு திரண்டு பளபளத்தன.

“அடிப்பாவிகளா, நீங்க இன்னும் உயிரோடதான் இருக்கீங்களா?”

அவை கட்டியின் ஸ்டெம் செல்கள். மிஞ்சினால் கட்டியை மறுபடி வளர்த்துவிடும். கொட்டியிருந்தால், அந்த ஒரு மருந்தே போதும் என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள். இன்னொரு மருந்தையும் சேர்த்து ஊற்றினாள், உருண்டைகள் உதிர்ந்தன. டாக்டர் அக்காவுக்கும் இரண்டையும் சேர்த்தே கொடுத்தார். கட்டி சுருங்கத் தொடங்கியது. நேற்று அக்கா மாடிப்படிகளைத் துள்ளிக் குதித்து ஏறினாள்.

“யாரு குதிச்சா?” என்றாள், பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா. “மெதுவா நடந்துதான் ஏறினேன், நடுவுல ஒரு தடவை உட்கார்ந்தேன். ஆனா இருமல் வரல, அதையும் சேர்த்துச் சொல்லுங்க.”