என் சாவு வீட்டுக்கு நான் பாடிக்கொண்டே போனது

தன் சாவு வீட்டுக்குத் தானே போகிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது. எனக்கு வாய்த்தது. அதுவும் ஒருவர் தோளில் உட்கார்ந்து, தொண்டை கிழியப் பாடிக்கொண்டு போனேன். அப்போது எனக்கு ஏழு வயது.

அப்பா தமிழ்நாட்டிலிருந்து ஃபிஜிக்கு வாத்தியார் வேலைக்கு வந்தவர். லோவு என்கிற ஊரில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தகரக்கூரை வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்காரம்மாவை நான் அத்தை என்பேன். அவருடைய தாத்தா காலத்திலேயே கப்பலேறி வந்த குடும்பம். தமிழையும் இந்தியையும் சேர்த்துப் பிசைந்துதான் பேசுவார். தோட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபிஜிக்காரர் இருந்தார். கரும்பு வெட்டுகிறவர், நல்ல உயரம், அம்மாவின் ரசம் என்றால் உயிர். கிண்ணத்தோடு பின்வாசலில் வந்து நிற்பார். அவர்கள் மொழியில் தாய்மாமனுக்கு மோமோ என்று பெயர். அம்மாவைத் தங்கச்சியாக்கிக்கொண்ட உரிமையில் என்னை அப்படித்தான் கூப்பிடச் சொல்லியிருந்தார்.

இந்திய வம்சாவளிக்காரர்கள் நிறைந்த அரசாங்கத்தைக் கவிழ்த்து ஃபிஜிக்கார ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, லௌட்டோகாவில் இருந்த என் பள்ளிக்கூடத்தை மத்தியானமே மூடிவிட்டார்கள். பஸ் வரவில்லை. கடைவீதிப் பக்கம் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. அழலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஏதோ வேலையாக டவுனுக்கு வந்திருந்த மோமோ வந்து கையைப் பிடித்தார். பெரிய ரோட்டை ராணுவம் மறித்திருந்ததால், மலைப்பாதை வழியாகத் தன் அக்கா இருந்த கிராமத்துக்கு என்னைக் கூட்டிப் போனார். எங்கள் வீட்டில் தகவல் சொல்லும்படி ஒரு லாரிக்காரரை அனுப்பினார். அந்த மகானுபாவர் பயந்துபோய்ப் பாதி வழியில் லாரியைத் திருப்பித் தன் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது எங்களுக்கு எப்படித் தெரியும்? அக்கா தேங்காய்ப்பாலில் மீன் சமைத்திருந்தார். எங்கள் வீட்டில் மீன் வாசமே ஆகாது. அதனால் வயிறு முட்டத் தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

எங்கள் வீட்டிலோ ஊரே கூடிவிட்டது. என்னைக் கப்பலில் ஏற்றியதை ஒருவர் கண்ணாலேயே பார்த்தாராம். வாத்தியாரே பிள்ளையை ஒளித்துவைத்து ஆஸ்திரேலியாவுக்கு விசா கேட்கப் பார்க்கிறார் என்று இன்னொருவர் சொன்னாராம். ஒரே ஒருவர் மட்டும் பாதி உண்மையைப் பார்த்திருந்தார்: வாத்தியார் பெண்ணை ஒரு ஃபிஜிக்காரன் கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்து ரேடியோவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

அந்த ஊரில் இந்தி ரேடியோவில் தினமும் சாவுச் செய்தி வாசிப்பார்கள். அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்தாலும் யாரும் அசையமாட்டார்கள். என்னைக் காணோம் என்பதையும், ஃபிஜிக்காரர் ஒருவர் கடத்திச் சென்றதாகத் தெரிகிறது என்பதையும் மறுநாள் காலையில் அந்தச் செய்திகளுக்கு நடுவிலேயே வாசித்துத் தொலைத்தார்கள். என் பெயரைக் கேட்டவர்களுக்கு மீதி எதுவும் காதில் ஏறவில்லை. சாவுச் செய்தி நேரத்தில் பெயர் வந்தால் ஆள் போயாச்சு என்றுதானே அர்த்தம்! அரிசியும் சர்க்கரையும் டீத்தூளுமாக வந்து இறங்கி, வாசலில் தார்ப்பாய்ப் பந்தலே போட்டுவிட்டார்கள். "என் பொண்ணு சாகல, பிரிங்க இதை!" என்று அம்மா பந்தல் கம்பைப் பிடித்து ஆட்டினாளாம். அத்தைதான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். "நை ரோ தங்கச்சி, அழாத. புள்ள வந்துடும்."

அதே ரேடியோ கிராமத்திலும் பாடியது. என் பெயர் வந்ததும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மோமோவுக்கு இந்தி நன்றாகத் தெரியும். முழுக்கக் கேட்டுவிட்டு டீயைக் கீழே வைத்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் மொழியில் ஏதோ சொல்லி அழுதார். நான் கிளம்புவது பொறுக்காமல் அழுகிறார் என்று நினைத்து, லீவுக்குக் கட்டாயம் வருகிறேன் என்று அவர் கன்னத்தைத் தடவிக்கொடுத்தேன். பாவம், அவர் இன்னும் அதிகமாக அழுதார்.

எப்போதும் கரும்புக்குள் புகுந்து பின்வாசலுக்கு வருகிற மோமோ அன்றைக்கு, மறியல் எடுத்துவிட்ட பெரிய ரோட்டிலேயே நடந்தார். எங்கள் வீட்டு முனை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என்னைத் தோளில் தூக்கி வைத்தார். பாடு, நல்லா சத்தமாப் பாடு என்றார். பாடச் சொல்லி என்னிடம் கெஞ்ச வேண்டுமா என்ன! பள்ளிக்கூடப் பாட்டை எடுத்துவிட்டேன். பந்தலைப் பார்த்ததும் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்தேன். ரோட்டில் ஆண்கள் கரும்புக் கத்தியோடு நின்றார்கள். கரும்பு வெட்டுகிற ஊரில் கத்தி ஒரு அதிசயமா? எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கத்திகள் ஒவ்வொன்றாகக் கீழே தாழ்ந்தன. அம்மா ஓடி வந்து என்னைப் பறித்துக்கொண்டாள். அப்புறம் "அண்ணா" என்று அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் பேப்பரில், கடத்தப்பட்ட சிறுமியைப் போலீஸ் மீட்டது என்று வந்தது. போட்டோவில் இருந்தது யாரோ ஒரு பெண். அப்பா பஸ் பிடித்துப் பேப்பர் ஆபீசுக்கே போய் நடந்ததைச் சொன்னார். "அதான் புள்ள கிடைச்சாச்சே மாஸ்டர், இனி என்ன செய்தி இருக்கு?" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம்.

கொஞ்ச காலத்தில் நாங்கள் ஆக்லாந்துக்குக் குடிபோனோம். அங்கே கோயில் பிரசாத வரிசையில்கூட, ஃபிஜியிலிருந்து வந்த நம்மவர்கள், ஃபிஜிக்காரன் தூக்கிட்டுப் போன பெண் இவள்தானே என்று விசாரிப்பார்கள். "தூக்கிட்டுப் போகல. எங்கண்ணன் தூக்கிட்டு வந்தாரு" என்பாள் அம்மா. அதற்குள் அவர்கள் புளியோதரையில் கவனமாகிவிடுவார்கள்.

அன்றைக்கு எங்கள் வீட்டு முனை திரும்பும்போது, என் கணுக்கால்களைப் பிடித்திருந்த மோமோவின் கைகள் நடுநடுங்கின. நான் ரொம்பக் கனமாக இருக்கிறேனா, இறங்கிக்கட்டுமா என்று கேட்டேன். "இறங்காதே, பாடு" என்றார். ராத்திரி அவ்வளவு மீன் தின்றிருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, நான் இன்னும் சத்தமாகப் பாடினேன்.