விறகோடு வந்த மாமா ரெஹேமா

போன வாரம் திற்பரப்புக்குப் போயிருந்தோம். நாங்களாக ஆசைப்பட்டுப் போகவில்லை. சென்னையிலிருந்து மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். அருவியில் குளிக்காமல் திரும்ப மாட்டேன் என்று மருமகன் ஒற்றைக்காலில் நின்றார். அவர்கள் குளிக்க இறங்கியதும், நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சிமெண்டு பெஞ்சில் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்தோம். எங்கள் வயதில் சுற்றுலா என்றால் இவ்வளவுதான். பக்கத்தில் ஒருவர் கரியடுப்பை விசிறி மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். அந்தப் புகை முகத்தில் அடித்ததும் இவர் என் கையைத் தட்டினார்.

"ஏட்டி, பஸ் இப்பம் வந்திராதா?"

எந்த பஸ் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அதே இடம்தான் நினைவுக்கு வந்திருந்தது. தான்சானியாவின் தெற்கு மலைப்பகுதி, செம்மண் ரோடு, ரோட்டோரத்தில் சோளம் சுடும் பெண்கள், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஒரு சின்ன பஸ்.

இவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்தவர். நான் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஓய்வு பெற்றதும் எங்களோடு வேலை பார்த்தவர்கள் எல்லாம் மாடி கட்டி வாடகைக்கு விட்டார்கள். நாங்கள் சபை மூலமாக மிஷனரிகளாகப் புறப்பட்டோம். நெய்யூர்ப் பக்கத்திலிருந்த என் அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது அவள் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இஞ்ச உள்ளவனுக்கெல்லாம் சொல்லித் தீத்தாச்சோ? முட்டு வலிய வச்சுக்கிட்டு அம்புட்டு தூரம் எதுக்குப் பிள்ளே போற?"

அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னைத் தலைசீவி வளர்த்தவள் அவள்தான். திட்டுவதற்கு அவளுக்கு முழு உரிமை இருந்தது. திட்டிவிட்டு, ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயும் தந்தாள்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து, நான் பருத்திச் சேலைகளாக அடுக்கிக்கொண்டு போனேன். போய் இறங்கினால், காலையில் புல்லின்மேல் வெள்ளையாக உறைபனி! நாஞ்சில் நாட்டு உடம்பு அதற்கு என்ன செய்யும்? முதல் மாதம் முழுக்க இவருடைய சாரத்தை, அதுதான் கைலியை, தலையில் சுற்றிக்கொண்டுதான் நோயாளிகளைப் பார்த்தேன். பாஷை இன்னொரு கூத்து. அங்கே 'மாமா' என்றால் அம்மா. தெருவில் போகிறவர்களெல்லாம் என்னை "மாமா, மாமா" என்று கூப்பிட, எனக்கு மீசை முளைத்துவிட்டதோ என்று இருக்கும். இவர் பெயர் பாபு ஆகிவிட்டது. பாபு என்றால் அங்கே தாத்தா. பிறகு அந்த 'போலே'. சுமை தூக்கி வந்தால் போலே, கால் இடறினால் போலே, களைத்து உட்கார்ந்தால் போலே. எது போலே, யார் போலே என்று முதலில் விழித்தேன். 'உன் வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு' என்பதை அவர்கள் அந்த ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறார்கள் என்று புரிய நாளாயிற்று.

மிஷனரி ஊழியம் என்றால் பிரசங்கம் என்று நினைப்பீர்கள். பாதிக்கு மேல் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுதான். வந்த பஸ்ஸில் மடியில் யாருடைய கோழியோ, காலடியில் யாருடைய மாவுமூட்டையோ. ஒரு மழைநாளில் பஸ் சேற்றில் இறங்கிவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். இஸ்திரி போட்ட பேண்டோடு இவரும் தள்ளப் போனார். பஸ் கிளம்பியது, இவர் முகங்குப்புறச் சேற்றில் விழுந்தார். ரோட்டோரத்து வீட்டிலிருந்து ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஓடிவந்து இவரைத் தூக்கி நிறுத்தினாள். பேண்டைக் கழற்றித் தரச் சொல்லி, தன்னுடைய பூப்போட்ட துணி ஒன்றைக் கட்டக் கொடுத்தாள். அன்றைக்கு அந்த ஊர் ஆராதனையில் இவர் அதைக் கட்டிக்கொண்டுதான் பிரசங்கம் செய்தார். "சாரம் கட்டுகது எனக்கென்ன புதுசா?" என்று என்னிடம் வீராப்பு வேறு.

அவள்தான் மாமா ரெஹேமா. அங்கே மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் தாயைக் கூப்பிடுவார்கள். ரெஹேமா அவளுடைய மகள். அதன்பின் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவள் வீட்டில் தேநீர் குடிப்போம். இவர் வேதத்தைப் பற்றிப் பேசுவார். அவள் அதைக் கேட்டுக்கொண்டே பயறு உரிப்பாள். ஒரு நாளும் எங்கள் ஆராதனைக்கு வந்ததில்லை. "ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காட்டு வேலை இருக்கு பாபு" என்பாள். இவருக்கு அதில் உள்ளூர வருத்தம். போன இடத்தில் எதையாவது சாதித்தோமா என்கிற கேள்வி எங்கள் இரண்டு பேரையும் அப்போது அரித்துக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் கொஞ்சம் பேர், அவர்களும் மழை பெய்தால் இல்லை. இவருக்கு முட்டு வீங்கிவிட்டது. எனக்குக் குறுக்கு வலி.

அப்படி ஒரு பெருமழைக் காலத்தில்தான் ஊரிலிருந்து போன் வந்தது. வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது, பின்னாலிருந்த மேட்டில் ஏறி நிற்க வேண்டும். குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்காவின் மகன் பேசினான்.

"சித்தி, அம்மை போயிட்டா. காலத்த காப்பி குடிச்சிட்டுச் சாஞ்சவ எழும்பல்ல. நாளைக்கு அடக்கம். நீங்கோ வர முடியாதுல்லா?"

கீழே ஆற்றுப்பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. பாலம் இருந்திருந்தாலும் அடக்கத்துக்குள் வந்து சேர்ந்திருக்க முடியாது. முடியாது மக்கா என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

இவரிடம் சொன்னேன். "நாம ஊருக்குப் போயிருவோம். எனக்கு இனி வய்யா."

இவர் வேதத்தை எடுத்துக்கொண்டு, "ஒரு ஜெபம் பண்ணுவமா?" என்றார்.

"நீங்க பண்ணுங்கோ," என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அப்படிச் செய்ததில்லை. இவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது தெரியும். என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை என்பதும் தெரியும். எத்தனை சாவு வீட்டில் நின்று ஆறுதல் சொன்ன மனிதர்!

செய்தி எப்படிப் பரவியதோ, சாயங்காலத்துக்குள் மாமா ரெஹேமா வந்துவிட்டாள். தலையில் விறகுக்கட்டு, நனையாமலிருக்க அதன்மேல் சாக்கு. பின்னாலேயே நாலைந்து பெண்கள், ஒருத்தி கையில் மாவு, ஒருத்தி கையில் பயறு. எங்கள் கட்டில் மெத்தையை இழுத்து முன்னறையில் தரையில் போட்டாள். என்னைப் பிடித்து அதில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் காலை நீட்டி உட்கார்ந்தாள். "போலே, மாமா" என்றாள். மற்றவர்கள் அடுப்பு மூட்டினார்கள். ஆண்கள் வெளியே தார்ப்பாய் கட்டி நெருப்புப் போட்டு உட்கார்ந்தார்கள். இவரையும் இழுத்து அவர்கள் நடுவில் உட்காரவைத்தார்கள்.

சில நாட்கள் அப்படியே இருந்தார்கள். ஒரு கூட்டம் போனால் இன்னொரு கூட்டம் வரும். மாமா ரெஹேமா மட்டும் போகவே இல்லை. "உன் அக்கா எப்படிப்பட்டவள்?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறை சுவாஹிலியில், அக்கா மீன்காரரிடம் போடும் சண்டையைச் சொன்னேன். மீனை வாங்கி, மோந்து பார்த்து, திருப்பிக் கொடுத்து, அவர் நாலடி நடந்ததும் மறுபடி கூப்பிடுவாள். மாமா ரெஹேமா எழுந்து அதை நடித்துக் காட்டினாள். அக்காவை ஒருநாளும் பார்க்காதவள், அதே இடுப்பில் கை! நான் சிரித்தேன். சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை. அப்போதுதான் இவர் உள்ளே வந்து மெத்தையோரத்தில் உட்கார்ந்து, "மைனி போயிட்டாங்களே" என்று சின்னப் பையன் மாதிரி அழுதார். எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ஊருக்குப் போகும் பேச்சை அதற்கப்புறம் நான் எடுக்கவில்லை. இவருக்கு முட்டு முழுதாக மடங்காமல் போகிறவரை அங்கேதான் இருந்தோம். கடைசிவரை மாமா ரெஹேமா ஆராதனைக்கு வரவில்லை. நாங்கள் புறப்பட்ட நாளில் அவள் சோளக்காட்டில் நின்று மண்வெட்டியை உயர்த்திக் காட்டினாள், பஸ் போய்விட்டது. சில வருஷம் கழித்து ரெஹேமா ஒரு படம் அனுப்பினாள். அகலமான தார் ரோடு, நடுவில் வெள்ளைக்கோடு. அந்த வீடு இருந்த இடத்தில்தான் கோடு ஓடியது. அம்மா இப்போது தன்னோடு பட்டணத்தில் இருக்கிறாள் என்று எழுதியிருந்தாள். பிறகு அந்த நம்பரும் கிடைக்கவில்லை.

இந்த வருஷ மழைக்கு முன்னால் எங்கள் பக்கத்து வீட்டு டீச்சரின் கணவர் இறந்துபோனார். ஒரே மதில்தான் இரண்டு வீட்டுக்கும். அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம், கூட இருக்கலாம் என்று நான் பிளாஸ்கில் காப்பியோடு போனேன். துபாயிலிருந்து வந்திருந்த மகன் வாசலில் நின்றிருந்தான். பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஆன்ட்டி, நீங்க எதுக்கு சிரமப்படுகீங்கோ? சாப்பாட்டுக்கெல்லாம் ஆள் சொல்லியிருக்கு. போய் ரெஸ்ட் எடுங்கோ. அம்மைக்கும் ரெஸ்ட் வேணும்லா?"

நல்ல பையன், மரியாதையாகத்தான் சொன்னான். நானும் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பிளாஸ்கை மேசையில் வைத்தபோது இவர் கேட்டார்: "டீச்சர் எப்படி இருக்காங்க?"

"தெரியல்ல," என்றேன்.