மாமியார் என்னிடம் தராத கடிதம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் குடியிருந்தபோது நடந்தது இது. என் மனைவி குவைத்தில் நர்ஸ். நானும் பையனும் மாமியாரும் இங்கே. மாமியாருக்குக் காது மந்தம், போனில் பேச முடியாது. அதனால் ஞாயிறுதோறும் மகளுக்குக் கடிதம் எழுதுவார். நான் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன்.

அந்த ஆடி மாதம் எனக்கு வேலை போய்விட்டது. லேத் ஆபரேட்டர் நான். மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. மாமியார் கட்டித்தரும் சாப்பாட்டோடு தினமும் கிளம்புவேன். நாலு கம்பெனி ஏறி இறங்கி, அயனம்பாக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்குக் கரெக்டாக வீடு திரும்புவேன்.

திடீரென்று மாமியார் கடிதத்தை என்னிடம் தருவதை நிறுத்திவிட்டார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போய், கடைக்காரர் போனிலிருந்து அனுப்பினார். ஏன் என்று கேட்டதற்கு, "உங்களுக்கு எதுக்கு மாப்ள சிரமம்?" என்றார். அப்புறம் அவர் பக்கத்து வீட்டில் பேசினாலும் சந்தேகம், பேசாமல் இருந்தாலும் சந்தேகம். மகளிடம் என்னைப் போட்டுக்கொடுக்கிறார் என்றே முடிவு கட்டினேன். குழம்பில் உப்பில்லை என்று சும்மாவே எரிந்து விழுந்தேன்.

ஒரு திங்கட்கிழமை ஜெராக்ஸ் கடைக்காரர் கூப்பிட்டார். "அண்ணாத்தே, உங்க மாமியா லெட்டர இங்கியே வுட்டுட்டுப் போய்ட்டாங்க. எத்துகினு போ."

வாங்கிய கையோடு பிரித்துப் படித்தேன்.

'மாப்ளைக்கு இன்னும் வேலை கெடைக்கல. சட்டையில ஆயில் கறையே இல்ல. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. நீயா கேட்டுடாத, கூசிப்போவாரு. அவரே சொல்லட்டும்.'

மனைவிக்கும் இது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது! இரண்டு மாதமாக அவள் போனில் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நான் என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். வெட்கத்தில் கடை வாசலிலேயே கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்குப் போனதும், "அத்தை, எனக்கு வேலை போயிடுச்சு" என்றேன். அவர் காதில் விழவில்லை. மறுபடி சொன்னேன். கடைசியில் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டியிருந்தது.

"சரி, கை கழுவினு சாப்புட வாங்க மாப்ள" என்றார், அவ்வளவுதான்.

அன்று மாலையே மனைவியிடமும் சொன்னேன். சில மாதங்களில் வேறு வேலையும் கிடைத்தது. இப்போதும் யார் மேலாவது சந்தேகம் வந்தால், மறைப்பது அவரா நானா என்று முதலில் என்னைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.