ஞாயிற்றுக்கிழமை ஓடிய மில்

பாளையங்கோட்டையில் எனக்கு மூன்று மாவு மில் இருக்கிறது. மூன்றும் என் சொந்தச் சம்பாத்தியம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, முக்கூடலில் அடுத்தவன் மில்லில் மூட்டை சுமந்தவன் நான். என் மகள் அமெரிக்கா போய் டாக்டர் பட்டம் வாங்கியதும் நான் மிளகாய் வத்தல் அரைத்த காசில்தான். இதை அவள் எந்த மேடையிலும் சொன்னதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

அவள் ஆராய்ச்சி நரம்பணுவைப் பற்றியது. அந்த அணுவின் தோலில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் இருக்கிறதாம். அவை திறந்தால் உப்புத் துகள் உள்ளே பாயும். அதில் பிறக்கிற மின்சாரத்தில்தான் கை அசைகிறது, வலி தெரிகிறது.

"மடை தொறந்து மூடுத மாதிரிதாம்ப்பா" என்றாள்.

"மடையப் பாக்கதுக்கா ஏட்டி அமெரிக்கா போன? முக்கூடலுக்கு வா, எத்தன மடை வேணும்னாலும் காட்டுதேன்."

அதோடு எனக்கு விளக்கம் சொல்வதை விட்டுவிட்டாள்.

ஊர் திரும்பி, இங்கேயே ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்குக் கொடுத்த ஆய்வுக்கூடம் என் பெரிய மில்லின் மதிலை ஒட்டி இருந்தது. தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியை ஓர் அணுவின்மேல் வைத்து, வாயால் லேசாக உறிஞ்சி ஒட்டவைக்க வேண்டும். அப்புறம் வாசல் திறப்பது கம்ப்யூட்டரில் கோடாகத் தெரியும். என் வத்தல் மிஷின் ஓடினால் தரை அதிரும், குழாய் விட்டுப்போகும், அணு செத்துவிடும். காற்றின்மேல் மிதக்கிற மேஜை ஒன்றை வரவழைத்தாள். என் மிஷின் அதையும் ஆட்டியது. நல்ல மிஷின்.

ஆட்கள் நிற்கும்போதே மில்லுக்கு வந்து கேட்டாள்.

"காலையில மட்டும் நிறுத்துங்கப்பா. இந்த வருசம் ரீடிங் காட்டலேன்னா ரூமப் பிடுங்கிருவாங்க."

"மில்லு ஒனக்கு முந்திப் பொறந்தது. வேற ரூம் கேளு."

"வேற ரூம் இல்ல."

"அப்போ வேற அப்பனப் பாரு."

மில்லே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்குப் போனாள். ஞாயிறு என் மில் ஓடியதே இல்லை; திருச்சபையில் அது எனக்குப் பெருமை. கமிட்டியில் இருக்கிறேன், ஆராதனையில் முன்வரிசையில் உட்காருகிறேன். "மக வரலையா?" என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். வீட்டில் சத்தம் போட்டேன்.

"நீங்க திங்கக்கிழம மில்ல மூடுங்க, நான் ஞாயித்துக்கிழம கோயிலுக்கு வாரேன்" என்றாள்.

என்னிடமே பேரம்! ஒரு ஞாயிறு மில்லைத் திறந்தேன். வேலையாட்கள் எல்லாரும் சபைக்காரர்கள். "ஆராதன நேரத்துலயா? எங்களால முடியாது அண்ணாச்சி" என்று நழுவிவிட்டார்கள். நானே ஸ்விட்சைப் போட்டு, நானே வத்தலைக் கொட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவள் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே வந்து, மில் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அப்படியே தெருவில் இறங்கி நடந்தாள். ஜெயித்துவிட்டேன் என்று இன்னொரு மூட்டையை அவிழ்த்தேன்.

அவள் நேரே பின்தெருவில் இருக்கிற தேவாலயத்துக்குப் போயிருக்கிறாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஆராதனை முடிந்ததும் போதகர், "அப்பா எங்க?" என்று கேட்டாராம்.

"மில்லு ஓட்டுதாங்க. காது குடுத்துக் கேளுங்க ஐயா."

கேட்டதாம். எல்லாருக்கும் கேட்டதாம். என் மனைவி வந்து இதைச் சொல்லிவிட்டு, சோறு போடாமல் படுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு மில்லை மூடினேன். அவளுக்காக இல்லை, கமிட்டியில் என்னை எடுத்துவிடுவார்களோ என்றுதான். அவள் பழையபடி ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். ஞாயிறு ஞாயிறாக ரீடிங் எடுத்தே அறையைக் காப்பாற்றிவிட்டாள். கட்டுரை வெளிவந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் யார் யாருக்கோ நன்றி சொல்லியிருக்கிறாள். என் பெயர் இல்லை.

சபையில் இப்போது அவளைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை. நான் இன்னும் பெரிய மோட்டார் வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை அவள் கல்லூரி வாசலில் நுழைவது தெரிந்ததும், முதல் வத்தல் மூட்டையை அவிழ்க்கச் சொல்கிறேன்.